வேட்டு இல்லாமல் போன சப்பரம்

முதலில் ஒரு பன்னைக் கடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து கட்டத் தொடங்கியிருந்த காலம். அதன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, டீயில் நனைத்த பன்னை வாய்க்குக் கொண்டுபோனேன். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. காதுக்குக் கீழே தாடை கல்லாக இருந்தது. பல்வலி வரப்போகிறது என்று நினைத்தேன்.

"என்னலே சவரி, பன்னு மொறைக்குதா ஒன்னய?" என்றான் கூட மூட்டை தூக்குகிறவன். "பொண்டாட்டி இல்லாதவனுக்கு வாய்ப்பூட்டு யாருலே போட்டது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்த சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன் நான். தோணியில் கொழும்புக்குப் போனேன், மாலத்தீவுக்குப் போனேன். கொச்சியில் வலை இழுத்தேன், பம்பாயில் துறைமுகக் கூலியாக இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் போகும்போது தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்கு வருவேன். அண்ணன் வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். வருடத்தில் பத்து மாதம் கடல். வீட்டில் இருந்தது பிலோமி மதினி மட்டும். இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போவாள். வந்தால் சோறு போடுவாள். சொல்லாமல் போனால் ஏன் போனாய் என்று கேட்கமாட்டாள். மூன்று தடவை அப்படிச் சொல்லாமல் போயிருக்கிறேன்.

சாயங்காலம் அவள் செபமாலை சொல்லும்போது நான் பீடி குடித்துக்கொண்டு கேலி செய்வேன். "சாமிக்குக் காது மந்தமா மதினி? ஒரே மந்திரத்த அம்பது தடவ சொல்லுதிய?"

"அவருக்குக் கேக்கும் தம்பி. எனக்குத்தான் கேக்கணும்லா" என்பாள். நான் கோயிலுக்குள் கால் வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மரக்குச்சியை வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். பல் அதைக் கவ்விக்கொண்டது. உடனே குச்சியை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார். குதிகாலில் காயத்தின் அடையாளம் மிளகு அளவுக்கு இருந்தது. கடற்கரையில் பழைய தோணி ஒன்றை உடைக்கும் வேலைக்குப் போனபோது துருப்பிடித்த ஆணி குத்தியது. மண்ணெண்ணெய் ஊற்றி, பீடிச் சாம்பலை அடைத்து, மறந்துவிட்டேன்.

"குத்தி எத்தனை நாள்?"

"ஒம்பது" என்றேன், பல்லுக்கு நடுவே.

டெட்டனஸ் என்று சொன்னார். ஊரில் ரணஜன்னி என்பது இதைத்தான். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. காயம் ஆறிவிடும். ஆனால் கிருமி கக்கும் விஷம் நரம்பு வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் தாடை இறுகும், பிறகு கழுத்து, முதுகு, வயிறு. மூச்சு விடுகிற தசை இறுகினால் ஆள் இல்லை. காயம் பட்ட நாளுக்கும் தாடை இறுகிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்ப்பார்கள். இடைவெளி அதிகமானால் பிழைக்க வழி அதிகம். ஒன்பது என்றதும் டாக்டர், "சொல்லமுடியாது, பார்ப்போம்" என்றார். அதை மதினியிடம்தான் சொன்னார். ஆனால் என் காதில் ஒரு குறையும் இல்லை.

இந்த நோயில் மனிதர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நினைவு தப்பாது. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். சொல்ல மட்டும் முடியாது.

கடைசிக் கட்டிடத்தின் பின்பக்கம் ஓர் அறை. ஜன்னலில் கருப்புக் கம்பளி அடித்திருந்தது. பகலிலும் இருட்டு. வெளிச்சம் பட்டால், சத்தம் கேட்டால், யாராவது தொட்டால் இழுப்பு வரும். வந்தால் தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் இருக்கும், நடு உடம்பு வில்லாக எழும்பும். முதுகெலும்பு முறிகிற மாதிரி இருக்கும். மயக்கம் வந்தால் தேவலை என்று தோன்றும், வராது. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற சீரம் என்ற மருந்தை முதலில் ஒரு சொட்டு கையில் போட்டு, தடித்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஊசியாகப் போட்டார்கள். அதை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். எப்படி வாங்கினாள் என்று மதினி இன்றுவரை சொல்லவில்லை. அதன்பிறகு தூக்க ஊசி, பென்சிலின், மூக்கு வழியே ரப்பர் குழாய். அந்தக் குழாயில் ஊற்ற மதினி கஞ்சியை மூன்று தடவை துணியில் வடிகட்டுவாள்.

துணித் தட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில். அதில் மாடசாமி. மாப்பிள்ளையூரணிக்காரர், உப்பளத்தில் வேலை. தகரம் காலைக் கிழித்து ஐந்தாம் நாளே தாடை பூட்டிவிட்டது. மூச்சு முட்டியதால் தொண்டையில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்தக் குழாய் வழியாகச் சீழ்க்கை போல வந்துபோகும். சளி அடைத்தால் நர்ஸ் வந்து உறிஞ்சி எடுப்பாள். அவர் பெண்டாட்டி முத்தம்மா அவர் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

மூன்றாம் நாள் மதினி எங்கள் கோயில் பாதிரியாரை, சுவாமியாரை, அழைத்துவந்தாள். எனக்கு அவஸ்தை பூசுவதற்கு. சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசி மந்திரிப்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுவாமியார் நன்மை, அதாவது சாமியே இருப்பதாக நம்பும் அப்பம், கொண்டுவரும்போது முன்னால் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுதிரி பிடித்து மணி அடித்துக்கொண்டு வரவேண்டும். தெருவில் போகிறவர்கள் மணியைக் கேட்டு முழங்கால் போடுவார்கள். அது வழக்கம். அந்த வழக்கப்படிதான் கோயில்பிள்ளை எங்கள் அறை வாசலில் வந்து நின்று, நல்ல பக்தியோடு, மூன்று தடவை மணியை ஆட்டினார்.

நான் வில்லானேன். நாக்கு பல்லுக்கு இடையில் மாட்டியது. ஒரு பல் உடைந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மாடசாமியின் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. எஸ்தர் நர்ஸ் வெறுங்காலோடு ஓடிவந்து மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவள் நாசரேத்துப் பக்கத்துக்காரி, புராட்டஸ்டண்டு. எங்கள் மணியும் எண்ணெயும் அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் திட்டவில்லை. ஊசி வேலை செய்யும்வரை எல்லாரையும் சுவரோடு நிறுத்திவைத்தாள். பிறகு சுவாமியார் பஞ்சில் எண்ணெயைத் தொட்டு, உதடு மட்டும் அசைய, என் நெற்றியில் வைத்தார்.  

வராந்தாவில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"மணி அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் நர்ஸம்மா. அவரு வாராருன்னு சொல்லுத மணிலா அது. அது நோவும்னு தெரியாமப் போச்சு."

அப்போது முத்தம்மா சொன்னாள்: "யக்கா, ஒங்க சாமிக்கு அடிச்ச மணி எங்க வீட்டு ஆளையும்லா முறுக்கிட்டு."

மதினி நியாயம் பேசவில்லை. "ஆமா தாயி" என்றாள். "தப்பு என்னோடது."

அன்றிலிருந்து மதினி இறால் கம்பெனிக்குப் போகவில்லை. கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். வாளிப் பிடியில் துணி சுற்றினாள். பின்பக்கம் வேப்பமரத்தில் காக்கா கூட்டம் வந்து உட்காரும். ஒரு கம்போடு போய் அங்கே நின்றுகொள்வாள். சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு ஐஸ் விற்க வருகிறவனிடம் போய்க் கும்பிடுவாள். "உள்ள ரெண்டு பேரு படுத்திருக்காவ, அண்ணாச்சி" என்பாள். எப்போதும் ரெண்டு பேர் என்றுதான் சொல்வாள், என் கொழுந்தன் என்று சொன்னதில்லை. கஞ்சியும் இரண்டு குழாய்க்கும் சேர்த்தே வடிகட்டினாள். முத்தம்மா இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மிக்கேல் மேஸ்திரி வந்தார். துறைமுகத்தில் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. கப்பலின் அடித்தட்டில் இருக்கிறவனுக்குக் கேட்கும்படி மேலே நின்று கத்திப் பழகிய தொண்டை. வராந்தாவில் மதினி வாயில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"சரிளா, மெதுவாத்தான் பேசுதேன்" என்றார். அது மரத்தடி வரைக்கும் கேட்டிருக்கும். என் கழுத்து ஒரு வெட்டு வெட்டி நின்றது. "எப்படி இருக்கான் பய? பொழச்சுக்கிடுவானா? ஒம்பது நாள்ல அந்தோனியார் சப்பரம் வருது. இந்த வருசம் வேட்டு என்னோட நேர்ச்சை. நூத்தியொண்ணு."

 கடற்கரையில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடியில் வருடாவருடம் திருநாள் நடக்கும். எட்டு நாள் நவநாள் செபம், ஒன்பதாம் நாள் அந்தோனியார் சிலை வைத்த சப்பரம். அதை மேஸ்திரியின் ஆட்கள் நாற்பது பேர் தோளில் தூக்கி, கொட்டும் வேட்டுமாகக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரியின் பின்சுவர் முக்கில் இறக்கிவைத்து, அங்கேதான் பெரிய வேட்டு போடுவார்கள். நானே ஒரு காலத்தில் தூக்கியிருக்கிறேன். அந்தச் சுவரிலிருந்து என் கட்டில் நாற்பது அடி இருக்கும். ஒரு கைமணி என் பல்லை உடைத்தது. நூற்றொரு வேட்டு என்ன செய்யும் என்று கணக்குப் போடப் படிப்பு வேண்டாம்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிச் சொவரு பக்கம் மட்டும் வேட்டும் கொட்டும் வேண்டாம்" என்றாள் மதினி.

"என்னளா சொல்லுத? போன மாசம் கப்பல்ல கம்பிக்கயிறு அறுந்து, ஒரு லோடு எனக்கு ஒரு அடி தள்ளி விழுந்துச்சு. அந்த நிமிசம் நேந்தது. அந்த முக்குல, நூத்தியொண்ணு, நிறுத்தாம. நேந்ததை மாத்துனா அந்தோனியாரு சும்மா விடுவாரா? ஒங் கொழுந்தன் அந்தக் குருசடிப் பக்கம் தல வச்சே எத்தன வருசம் ஆச்சு? அவனுக்காக நான் சாமிகிட்ட பொய்யனாகணுமா?"

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. வேண்டாம் மதினி, எனக்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வாய் பூட்டியிருந்தது. ஒருவர் நமக்காகக் கெஞ்சுவதைத் தடுக்கக்கூட முடியாமல் படுத்திருப்பது இழுப்பைவிடப் பெரிய வேதனை.

எஸ்தர் நர்ஸ், டாக்டரிடம் கடிதம் வாங்கி போலீசில் கொடுக்கலாம் என்றாள். மதினி வேண்டாம் என்றாள். "போலீசு வந்து நிறுத்துனா வேட்டு நிக்கும் நர்ஸம்மா. அவுக மனசுல வெடிச்சுக்கிட்டே இருக்கும். நான் கேட்டுப் பாக்கேன்."

தினமும் சாயங்காலம் முத்தம்மாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டுக் குருசடிக்குப் போனாள். நவநாள் செபம் முடிந்து கூட்டம் கலையும்வரை படியில் நிற்பாள். மேஸ்திரி வெளியே வரும்போது ஒரே ஒரு வரி சொல்வாள். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிச் சொவரு பக்கம் மட்டும்." அவர் நிற்காமல் போவார். மறுநாளும் அதே வரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்காம் நாள் அங்கே நின்ற ஒருவன், "புருசன் கப்பல்ல, கொழுந்தன் மேல இம்புட்டுக் கரிசனமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். சிலர் சிரித்தார்கள். வெகுநாள் கழித்து இதைக் கேள்விப்பட்டு, அன்று அழுதீர்களா என்று மதினியிடம் கேட்டேன். "அழுதேன்" என்றாள். "அழுதா மறுநா போகக்கூடாதுன்னு இருக்கா?"

இந்த நாட்களில் எனக்கு இழுப்பு குறையவில்லை. மாடசாமிக்குக் கூடிக்கொண்டே வந்தது. அவருடைய சீழ்க்கை சில நேரம் நின்று, பிறகு வரும். நின்ற நேரத்தில் நான் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

திருநாளுக்கு முந்தின நாள் மேஸ்திரி மறுபடி வந்தார். கோபமாக வந்தார் என்பது நடையில் தெரிந்தது. "தெனமும் படியில நின்னு மானத்த வாங்குதியே. அப்படி என்னதான் இருக்குன்னு நானே பாக்கேன்." எஸ்தர் நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டாள். இருட்டில் என்னைத் தேடி அருகில் வந்தார். என் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, முழங்கால் போடக் குனிந்தார். மூட்டையில் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எந்நேரமும் எங்கள் ஆட்கள் இடுப்பில் இருக்கும். அது வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

இரண்டு பேரும் எழும்பினோம். நான் வளைந்துகொண்டே, கண் மேலே செருகுவதற்கு முன், மேஸ்திரி சுவரோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தேன். தட்டி விலகியிருந்தது. மாடசாமியின் தொண்டைக் குழாயில் நுரை வந்தது. முத்தம்மா அவரைத் தொடவும் முடியாமல், கையைக் காற்றில் நீட்டியபடி இருந்தாள். தொட்டால் இன்னும் கூடும்.

"மாதாவே" என்றார் மேஸ்திரி. அவர் தொண்டையிலிருந்து அப்படி ஒரு மெல்லிய சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. கொக்கியை எடுக்காமலே போய்விட்டார்.

மதினி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயங்காலம் குருசடிக்குப் போனாள். அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் அந்த வரியைச் சொல்லவில்லை. திரும்பிவந்ததும் நர்ஸ் கேட்டாள், "என்ன சொன்னார்? நிறுத்துவாரா?"

"கேக்கல நர்ஸம்மா."

"இத்தனை நாள் கேட்டுட்டு இன்னைக்குப் போய்க் கேட்காம வந்தீங்களா?"

"அவரு மனசு முறுக்கிக்கிட்டு நிக்கு. அதுல போயி நான் வேற தட்டணுமா?"

ஆகவே மறுநாள் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மத்தியானமே டாக்டர் தூக்க ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னார். அதற்கு மேல் கூட்டினால் மூச்சு நின்றுவிடும் என்றும் சொன்னார். மதினி மெழுகுதிரியை உருக்கி, பஞ்சில் தோய்த்து, ஆறவைத்து, எனக்கும் மாடசாமிக்கும் காதில் வைத்தாள். மெழுகு வைத்தாலும் கேட்டது. ஆறு மணிக்குக் கொட்டு தொடங்கியது. தூரத்தில் முதல் வேட்டு. என் வயிறு பலகையாக இறுகியது. இரண்டாவது. அடுத்தடுத்து, நெருங்கி நெருங்கி வந்தது. கொட்டு கடைத்தெருவைத் தாண்டுவது தெரிந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். செபம் சொல்லவில்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்கு ஒரு செபமும் நினைவு வரவில்லை.

ஆஸ்பத்திரித் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் கொட்டு நின்றது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வேட்டுக்காகக் காத்துக்கிடந்தேன். வருவதற்கு முன் இருக்கும் அமைதி இது, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது கால்களின் சத்தம். மணலில் நூற்றுக்கணக்கான கால்கள். சப்பரத்தின் மரம் லேசாக முனகுவது. எங்கள் ஆட்களுக்குச் சத்தம் போடாமல் ஒரு சாக்கு மூட்டையைக்கூடத் தூக்க வராது. நாற்பது பேர் மூச்சுவிடுவது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. முக்கில் இறக்கிவைத்தார்கள். முட்டுக்கட்டைக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டிருந்தார்களாம். இறக்கிய சத்தமே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மாடசாமியின் சீழ்க்கை நின்றது.

முன்பும் நின்று வந்திருக்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. என் மூச்சு முட்டி விட்டுவிட்டேன், அவருடையது வரவில்லை. கூப்பிட வேண்டும். மதினி வாசலுக்கு வெளியே நிற்கிறாள், நர்ஸ் வராந்தாவில் நிற்கிறாள், நாலு எட்டு. ஒரு சத்தம் போட்டால் போதும். பல்லுக்கு நடுவே காற்றுகூட வரவில்லை. வாழ்க்கையில் நான் எவ்வளவோ தேவையில்லாமல் கத்தியிருக்கிறேன்.

முத்தம்மா எழுந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். கால் சத்தம் இல்லாமல் ஓடி எஸ்தர் நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். நர்ஸ் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சினாள், நெஞ்சை அழுத்தினாள். டாக்டர் வந்தார். எல்லாம் கிசுகிசுப்பில் நடந்தது. துணித் தட்டியில் நிழல்கள் குனிந்து நிமிர்ந்தன. கடைசியில் டாக்டர் நிமிர்ந்து நின்றார். ரப்பர் குழாயைச் சுருட்டி நர்ஸ் கையில் கொடுத்தார். 

நான் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். புருசன் செத்தால் பெண்டாட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துவாள். கத்தாவிட்டால் ஊர் அவளை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கு உள்ள உரிமை. அதைத் தடுக்க டாக்டருக்குக்கூட வாய் வராது. அவள் கத்தினால் எனக்கு இழுப்பு வரும், அது எத்தனையாவது இழுப்பாக இருக்கும், அதைத் தாங்குவேனா என்றெல்லாம் அந்த நேரத்திலும் என் புத்தி எனக்காகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெட்கம்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

முத்தம்மா கத்தவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தட்டியைச் சுற்றி என் பக்கம் வந்து என்னைப் பார்த்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கத்தான் வந்தாள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மதினி அவள் தோளைப் பிடித்தாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

வராந்தா, முற்றம், வாசல், தெரு. சப்பரம் அப்போது போய்விட்டிருந்தது. அது நின்ற முக்கில் மணலில் பூ சிதறிக்கிடந்ததாம். அதையும் தாண்டி, கடற்கரை போகும் பாதையில் பனைமரம் வரைக்கும் நடந்து, அங்கே போய் முத்தம்மா வாயிலிருந்து துணியை எடுத்தாளாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்த்தான் அழுதாள்.

மேஸ்திரி மறுநாள் வராந்தாவில் வந்து நின்றார். மதினி நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ நான் நிறுத்துனது வீணாப் போச்சா?"

"ஒருத்தன் இருக்கான்லா, அண்ணாச்சி."

 "அந்தோனியாரு கோவிச்சா என்கிட்ட கோவிக்கட்டும்னு சொல்லித்தான்ளா தூக்கச் சொன்னேன்" என்றார். நேர்ச்சை வேட்டு நூற்றொன்றையும் அந்த வாரமே தோணியில் ஏற்றிப்போய், கரை கண்ணுக்கு மறைந்தபிறகு போட்டதாகக் கேள்வி. கடல்காற்றில் பாதி நனைந்து வெடிக்கவில்லையாம். அதைச் சொல்லி இன்றைக்கும் துறைமுகத்தில் அவரைக் கேலி செய்வார்கள்.

சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாடசாமி பிழைத்திருக்கமாட்டார், விஷம் அவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். கொக்கி விழுந்த அன்றே அவருக்கு முடிந்துவிட்டது என்று மேஸ்திரி நினைக்கிறார். மணி அடித்த அன்றே என்று மதினி நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை.

எனக்கு அதற்குப் பிறகு பதினெட்டு நாள். இழுப்பு தூரம் தூரமாகப் போனது. ஜன்னல் கம்பளியை ஒரு சாண் ஒதுக்கினார்கள், பிறகு இரண்டு சாண். தாடை ஒரு விரல் திறந்தது, இரண்டு விரல் திறந்தது. முதல் தடவை கஞ்சியை வாயால் குடித்தபோது மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் பக்தனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நடக்க முடிந்ததும் முத்தம்மாவைத் தேடி மாப்பிள்ளையூரணிக்குப் போனேன், அவள் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள், அப்படியே அங்கே போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முத்தம்மா பாத்தி வரப்பில் நின்றிருந்தாள். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. வெளிச்சத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சியா?" என்றாள். தலையில் இருந்த உப்புக் கூடையை இறக்கினாள். பக்கத்தில் வந்து என் வாயையே பார்த்தாள். "நல்லாத் தொறக்குதா?"

"தொறக்குது" என்றேன்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கூடையைக் காட்டி, "ஒரு கை பிடிங்க" என்றாள். தூக்கி அவள் தலையில் வைத்தேன்.